பாட்டுக்காரர் உயிரோடு இருக்க, ‘பாரம்பரியம்’ என்று பதிவான பாட்டு: செங்கோட்டை வட்டார மேளம் செட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

செங்கோட்டை வட்டாரத்து நையாண்டி மேளம் செட் ஒன்றுக்கு நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை இங்கே பதிவு செய்கிறேன். அந்த செட்டுக்குக் கடிதம், கணக்கு, விண்ணப்பம் எழுதிக்கொடுப்பவன் என்ற முறையில் பெரும்பாலான இடங்களில் நானும் கூட இருந்தேன். எழுதச் சம்மதித்தவர்கள், பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி. மாநிலம் மாறியதே தவிர மனிதர்கள் போக்குவரத்து நிற்கவில்லை. புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆரியங்காவு, அப்புறம் தென்மலை, புனலூர். பெண் கொடுப்பதும் எடுப்பதும், தோட்ட வேலைக்குப் போவதும், மிளகு வாங்குவதும் இன்றைக்கும் இரண்டு பக்கமும் நடக்கிறது. மேளக்காரர்களும் அப்படியே. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்கள், சித்திரை முதல் ஆவணி வரை கொடைகள் என்னும் கோயில் திருவிழாக்கள் இந்தப் பக்கம். மற்ற மாதங்களில் அந்தப் பக்கத்து உற்சவங்கள்.

செட்டில் எட்டுப் பேர். நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, ஜால்ரா, ஒரு பாடகர். தலைவர் ஐம்பதைக் கடந்த நாதஸ்வரக்காரர். எல்லோரும் அவரை ஆசான் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். தவில் வாசிக்கிற இருவரில் ஒருவர் ஆசானின் அக்காள் மகன்.

சில ஆண்டுகளாகக் கேரளத்துச் சிங்காரி மேளம் இந்தப் பக்கத்துக் கொடைகளில் நன்றாக இடம் பிடித்துவிட்டது. இளைஞர்களுக்கு அது பிடிக்கிறது, கமிட்டிக்காரர்களும் அதையே கேட்கிறார்கள். அதில் தப்பு சொல்ல எனக்கு மனமில்லை, அவர்களும் உழைக்கிறவர்கள்தான். ஆனால் இந்த செட்டுக்குக் கொடைகள் குறைந்தன. ஒலிப்பதிவுக்கு அழைப்பு வந்ததும் யோசிக்காமல் தலையாட்டியது ஏன் என்று புரிய இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாட்டு

விவகாரத்துக்கு ஆளான பாட்டு ஒரு சாஸ்தா பாட்டு. வரிகள் அதே ஊர்த் தையற்காரர் ஒருவருடையவை. மெட்டு ஆசானுடையது. ஒரு குடும்பத்தாரின் குலதெய்வக் கோயிலில் பங்குனி உத்திர ராத்திரிக்கென்று இருவரும் சேர்ந்து கட்டியது. புன்னாகவராளிச் சாயலில் மெதுவாகத் தொடங்கும். இரண்டாவது சரணம் முடிந்ததும் நாதஸ்வரம் சட்டென்று நின்று, பம்பைக்கு மட்டும் நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு தாளச் சுற்று, விட்டுவிடும். சாமியாடிக்கு அருள் வருவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அந்த இடைவெளியை வைத்தது பம்பைக்காரர். ஆசான் வாசிக்கும்போது ஒருநாள் அவராகவே உள்ளே நுழைந்தார், நன்றாக இருக்கவே அப்படியே நிலைத்துவிட்டது. இந்தச் சின்னச் சேதி பின்னால் பெரிய ஆதாரமாக வந்தது.

ஒலிப்பதிவும் கையெழுத்தும்

ஆண்டுதோறும் மார்கழியில் அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி புனலூரிலிருந்து புறப்பட்டுச் செங்கோட்டை, தென்காசி வழியாகப் போகும். வழிநெடுக வரவேற்பு உண்டு. 2021 மார்கழியில் அப்படியொரு வரவேற்பில் இந்த செட் வாசித்ததை எல்லைக்கு அந்தப் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடக்காரர் ஒருவர் கேட்டார். பக்திப் பாட்டுகள் வெளியிடும் சிறிய ஆள். அடுத்த மண்டல காலத்துக்குள் வெளியிடலாம் என்று சொல்லி, 2022 ஆவணியில் கூப்பிட்டார்.

மொத்தம் 20,000 ரூபாய். வேன் வாடகை 4,000 போக ஆளுக்கு 2,000. ஒரு கொடை ராத்திரியில் கிடைப்பதைவிடக் குறைவு. ஆனாலும் பாட்டு வெளியே வருமே என்றுதான் போனார்கள்.

பதிவில் ஒரு சிரமம். எல்லோர் காதிலும் ஹெட்போன் மாட்டி, தாளக் கணக்குக்கு ‘டிக் டிக்’ சத்தம் விட்டார்கள். நையாண்டி மேளத்தில் காலம் தானாக ஏறும், ஏறத்தான் வேண்டும். கருவி ஏறவிடவில்லை. தவில்காரர் இரண்டு முறை குச்சியைக் கீழே வைத்துவிட்டார். பம்பைக்காரர் கேட்கிற முகத்தைப் பார்த்தால்தான் வாசிப்பவர், அவரைக் கண்ணாடித் தடுப்புக்குள் தனியாக உட்கார வைத்தார்கள். ஒருவழியாக முடியும்போது இரவாகிவிட்டது. வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் பத்திரம் ஒன்று மேசைக்கு வந்தது. ஆசானும் தையற்காரரும் கையெழுத்துப் போட்டார்கள். படித்துக் காட்டவும் ஆளில்லை, அவர்கள் கைக்கு நகலும் வரவில்லை.

முதலில் தெரியவந்தவை

கார்த்திகை பிறப்பதற்கு முன்பே பாட்டு வெளிவந்தது. ஊரில் சந்தோஷம்தான். தை மாதம் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன், அங்கே மலையாளிகள் வண்டியில் இந்தப் பாட்டைக் கேட்டதாக வாட்ஸ்அப்பில் சொன்னான். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அதில் பாடகர் பெயர் இருந்தது. இசை என்ற இடத்திலும் வரிகள் என்ற இடத்திலும் ‘பாரம்பரியம்’ என்று இருந்தது. ஆசான் பெயர் எங்கும் இல்லை. தையற்காரர் பெயரும் இல்லை.

2023 பங்குனி உத்திரத்தில் வழக்கமான கோயிலில் வாசித்ததைத் தவில்காரரின் மகள் செட்டின் யூடியூப் சேனலில் ஏற்றினாள். கல்லூரியில் படிக்கிற பெண், சேனலை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு நாளில் அந்தக் காணொளி மேல் காப்புரிமைக் கோரிக்கை வந்தது. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை, ஒலிப்பதிவு அப்படியே இருந்தாலும் கண்டுபிடிக்கும், மெட்டு ஒத்துப்போனாலும் கண்டுபிடிக்கும். இங்கே மெட்டைப் பிடித்திருந்தது. விளம்பர வருமானம் இனி கோரியவருக்கு. சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கூட இல்லை, ஆகவே கையை விட்டுப் போன காசு ஒன்றுமில்லை. அடி விழுந்தது வேறு இடத்தில். சித்திரைக் கொடைக்கு அட்வான்ஸ் கொடுக்க வந்த கமிட்டிக்காரர் ஒருவர் ஆசானிடம், “அண்ணாச்சி, அந்தக் கேரளா கம்பெனிக்காரன் பாட்டை நீங்களும் வாசிப்பியளா?” என்று நல்ல மனதோடுதான் கேட்டார். ஆசான் அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை. ராத்திரி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: “எம் வீட்டுல நானே வாடகைக்கு இருக்கேன்னுல்லா ஆயிட்டு.”

இசைத் தொழிலில் கலைஞர்களின் மனக்குறை என்றாலே பணம்தான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் கிட்டே இருந்து பார்த்ததில், முதலில் அவர்களைக் குடைவது பெயர். தான் பெற்ற மெட்டைத் தானே திருடியவர் போல நிற்க நேர்வதைவிட ஒரு வித்வானுக்கு வேறென்ன வேதனை வேண்டும்?

அவசரமும் நிதானமும்

தவில்காரரின் மகள் கோரிக்கையைப் பார்த்த அன்றே மறுப்புப் பதிவு செய்துவிட்டாள். அதற்குப் பதில் சொல்லக் கோரியவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. மூன்றாவது வாரத்தில் மறுப்பை நிராகரித்துப் பதில் வந்தது. அடுத்த படி மேல்முறையீடு. அதையும் கோரியவர் ஏற்காவிட்டால் காணொளியை நீக்கச் சொல்லி முறையான கோரிக்கை வைக்கலாம். அப்படி நீக்கப்பட்டால் சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக் விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். அந்தச் சேனலில் இறந்துபோன பழைய தவில் வித்வான் ஒருவர் வாசித்த காணொளிகளும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. அதனால் மேல்முறையீட்டை நிறுத்திவைப்பது என்று முடிவு செய்தோம். காணொளிகளையெல்லாம் முதலில் ஹார்ட் டிஸ்க்கில் இறக்கிக்கொண்டோம்.

அக்காள் மகனுக்கு ஆத்திரம். “மாமா, ஒரு வீடியோ போட்டு அவன் பேரை நாறடிச்சிருவோம்” என்றார். ஆசான் சம்மதிக்கவில்லை. கூடக்காரர் கொரோனாவுக்குப் பிந்தைய மோசமான காலத்தில் இரண்டு உற்சவங்களுக்கு வாய்ப்பு வாங்கிக்கொடுத்தவர். தவிர, கையில் பத்திரத்தின் நகலே இல்லாமல் என்னவென்று பேசுவது? முதலில் ஆதாரம், பிறகு வக்கீல், அதன்பிறகே அவரிடம் போவது என்று வரிசை வைத்தோம்.

ஆதாரம்

தையற்காரரிடம் ஒரு அளவு நோட்டு இருந்தது. ஒரு பக்கத்தில் ‘தோள் 17, கை 9’ என்று யாரோ ஒருவரின் சட்டை அளவு. எதிர்ப்பக்கத்தில் பாட்டின் முதல் இரண்டு சரணம், அடித்தல் திருத்தலோடு. கீழே கோயில் பெயர், பங்குனி 2017. மெட்டுக்கு இப்படி எழுத்தில் எதுவும் இல்லை. ஆசானுக்கு ஸ்வரம் எழுதி வைக்கும் பழக்கம் கிடையாது.

மும்பையில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் 2018 பங்குனி உத்திரத்தில் எடுத்துத் தன் முகநூலில் போட்ட காணொளி கைகொடுத்தது. படம் ஆடிக்கொண்டே இருக்கிறது, ஜெனரேட்டர் சத்தம் வேறு. ஆனால் பாட்டு முழுசாக இருந்தது. இரண்டாம் சரணம் முடிந்ததும் நாதஸ்வரம் நிற்க, பம்பை தனியாக நாலு ஆவர்த்தனம். ஸ்டூடியோ பதிவிலும் அதே இடம், அதே நாலு. ஒலிப்பதிவுக்கு நாலு வருஷம் முந்தைய தேதியோடு. அந்த ஆண்டுக் கொடை நோட்டீஸும் கோயில் பெட்டியில் கிடைத்தது, செட்டின் பெயர் அச்சடித்து.

வக்கீல் விளக்கியது

தென்காசி வக்கீல் ஒருவர் முதலில் கேட்டது பத்திரம். வாட்ஸ்அப்பில் கேட்டதும் கூடக்காரர் தயங்காமல் படம் எடுத்து அனுப்பிவிட்டார். ஒலிப்பதிவும் அதிலுள்ள பாடல்களும் முழுமையாக ஒப்படைக்கப்படுகின்றன என்பதுதான் சாரம். எத்தனை காலத்துக்கு என்று இல்லை. எந்த நாட்டுக்கு என்று இல்லை. ராயல்டி என்ற பேச்சே இல்லை.

வக்கீல் சொன்னதை நான் எழுதிவைத்தபடி தருகிறேன். ஒலிப்பதிவு, அதை முன்னின்று எடுத்த தயாரிப்பாளருடையது. அதில் சண்டைக்கு இடமில்லை. மெட்டும் வரியும் தனிச் சொத்துகள். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19-ன்படி, ஒப்படைப்பில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருஷம், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஆக வளைகுடாவில் ஓடிய பாட்டுக்குப் பத்திரம் செல்லாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்கள் சம பங்கைக் கைவிடவே முடியாது. கைவிட்டதாகக் கையெழுத்துப் போட்டாலும் அந்த வாசகம் செல்லாது. மெட்டு காகிதத்தில் இருக்க வேண்டும் என்ற தொல்லையும் 1994 திருத்தத்தோடு போய்விட்டது. காப்புரிமையைப் பதிவு செய்வதும் கட்டாயமில்லை.

ஆனால் இந்தியாவுக்குள் ஐந்து வருஷத்துக்கு மெட்டின் உரிமை கூடக்காரரிடம் இருப்பதாக அவர் வாதாட முடியும் என்பதையும் வக்கீல் மறைக்கவில்லை. கோரிக்கை தவறு என்று ஒரே அடியாகச் சொல்லிவிட முடியாது. அப்படியானால் எது அசைக்க முடியாதது? பிரிவு 57. உரிமையை விற்ற பிறகும், படைத்தவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். வாசித்தவர்களுக்கும் பெயருக்கான உரிமையைப் பிரிவு 38பி தருகிறது. வழக்கு என்று வந்தால் தாங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே போடலாம், கொல்லத்துக்கு அலைய வேண்டாம் என்பது பிரிவு 62. இதைக் கேட்டதும்தான் ஆசான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எடுத்த முடிவு

முதலில் பெயர், அடுத்து யூடியூப் கோரிக்கையை விலக்குவது, கடைசியில் பணம். இளையவர்கள் பணத்தை முதலில் கேட்கச் சொன்னார்கள். நான் பெயர் என்று நின்றேன். காரணம் உணர்ச்சி மட்டும் இல்லை. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கம் பெயரை வைத்துத்தான் பிரித்துக் கொடுக்கிறது. ‘பாரம்பரியம்’ என்பவருக்கு வங்கிக் கணக்கு கிடையாது. அந்தச் சொல் அங்கே இருக்கும் வரை எவ்வளவு ஓடினாலும் இவர்கள் இருவருக்கும் ஒரு பைசா வராது.

வக்கீல் நோட்டீஸ் தயாராக இருக்கட்டும், அனுப்பும் முன் நேரில் போய்ப் பேசுவோம் என்பது ஆசானின் விருப்பம். அதன்படியே செய்தோம்.

நேரில் பேசியது

ஆசான், தையற்காரர், நான் மூவரும் போனோம். கூடக்காரர் எழுந்து வந்து, “ஆசானே, வரூ, இரிக்கூ” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் உண்மையாகவே திகைத்தார். பாட்டை எல்லாத் தளங்களுக்கும் அனுப்புவது ஒரு விநியோக நிறுவனம். அதன் படிவத்தில் இசையமைப்பாளர், பாடலாசிரியர் கட்டங்களை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. படிவம் நிரப்பிய பையனுக்கு யார் என்று தெரியவில்லை. சாமி பாட்டுதானே என்று ‘பாரம்பரியம்’ போட்டுவிட்டான். கன்டென்ட் ஐடி வேண்டுமா என்ற இடத்தில் ஆம் என்று டிக் செய்துவிட்டான். மறுப்புக்குப் பதில் அனுப்பியது விநியோக நிறுவனம், இவர் கண்ணிலேயே படவில்லை.

நான் ஒன்று கேட்டேன். கன்டென்ட் ஐடியில் சேர்க்க, அந்தப் படைப்பு சேர்ப்பவருக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பொதுவான பாரம்பரியப் பாட்டு என்றால் அதை நீங்கள் அதில் சேர்க்கவே கூடாது. ஒருவர் கட்டிய பாட்டு என்றால் அவர் பெயர் அங்கே இருக்க வேண்டும். இரண்டில் எது?

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தையற்காரரின் நோட்டை வாங்கிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குக் கூட்டிக் கூட்டிப் படிக்க வரும். 2018 காணொளியில் பம்பை வரும் இடத்தை இரண்டு முறை போட்டுக் கேட்டார். “இது எங்க ஸ்டூடியோவில சேர்த்ததுன்னு ஞான் நினைச்சு” என்றார். அன்றைக்கே விநியோக நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். நோட்டீஸ் என் பையிலேயே இருந்துவிட்டது.

எதிராளி நல்லவராக அமைந்தது இந்த செட்டின் அதிர்ஷ்டம். ஆனால் நல்லவர் ஒருவரின் அலுவலகத்தில், ஒரு பையனின் ஒரு டிக், இரண்டு மனிதர்களை அவர்கள் பாட்டிலிருந்து அழித்துவிட்டது என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. தொழில் இப்போது இப்படித்தான் ஓடுகிறது. முகம் தெரிந்த ஆளிடம் சண்டை போடலாம், படிவத்திடம் எப்படிப் போடுவது?

பின்பு நடந்தவை

சில வாரங்களில் யூடியூப் கோரிக்கை விலக்கப்பட்டது. பெரிய தளங்களில் இசை, வரிகள் இரண்டு இடத்திலும் பெயர்கள் மாறின. பழைய பத்திரத்தை ரத்து செய்து, தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பக்கத்தில் புதிதாக எழுதினோம். ஒலிப்பதிவு அவருடையது, மெட்டும் வரியும் படைத்தவர்களுடையவை, செட் தானே வாசிப்பதன் மேல் எந்தக் கோரிக்கையும் வராது, வருமானக் கணக்கு வருஷத்துக்கு ஒருமுறை, மண்டல காலம் முடிந்ததும்.

முதல் கணக்கு 2024 மாசியில் வந்தது. இருவர் பங்கும் சேர்த்து 3,100 ரூபாய். கேட்கச் சிறிய தொகைதான். தையற்காரர் அதில் தன் பங்கை அப்படியே வைத்திருக்கிறார்.

ஐபிஆர்எஸ் உறுப்பினர் ஆவதற்குப் படாத பாடு. ஆதாரில் ஆசான் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தே இல்லை. மேளக்காரராக ஊர் அறிந்த பெயரோ இந்த மூன்றிலும் இல்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையில் மட்டும்தான் அந்தப் பெயர். ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்க மழைக்காலம் வந்துவிட்டது.

அடுத்த பதிவுக்கு வைத்திருக்கும் ஏற்பாடு

ஸ்டூடியோவுக்குப் போகும்போது ஒரு பெயர்ச் சீட்டு கொண்டுபோவது. மெட்டு யார், வரி யார், எந்த வாத்தியம் யார் என்று தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும், பான் கார்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில். படிவம் நிரப்புபவர் கேட்கும் முன் கொடுத்துவிடுவது. இந்த ஒரு தாள் அன்றைக்கு இருந்திருந்தால் மேலே எழுதிய எதுவும் நடந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

பத்திரம் பதிவுக்கு ஒரு வாரம் முன்பே கைக்கு வர வேண்டும். வராவிட்டால் பதிவு கிடையாது. புதுப் பாட்டு எதையும் ஸ்டூடியோவுக்கு முன்பு ஒருமுறை கோயிலிலோ வீட்டு முற்றத்திலோ முழுசாக வாசித்துத் தேதியோடு ஏற்றிவிடுவது. கொடை நோட்டீஸில் செட் பெயரோடு ‘புதுப்பாட்டு இன்னார் இயற்றியது’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வது. சில கமிட்டிகள் இப்போதே சேர்க்கின்றன.

தீராமல் நிற்பது பம்பைக்காரர் விஷயம். மெட்டு ஆசானுடையது, வரி தையற்காரருடையது. அந்த நாலு ஆவர்த்தனம்? அவர் பெயர் வாத்தியக் கலைஞர் பட்டியலில் வந்தது. வணிகமாகப் பயன்படும் நிகழ்த்துதலுக்கு வாசித்தவருக்கும் ராயல்டி உண்டு என்று பிரிவு 38ஏ சொல்கிறது. ஆனால் கணக்கு போட்டுக் கொடுக்க யாரும் முன்வரவில்லை, கூடக்காரரின் கணக்கிலும் அதற்கு இடமில்லை. இப்போதைக்கு ஆசான் தன் பங்கில் பாதியை அவருக்குக் கொடுக்கிறார். பம்பைக்காரர் வாங்கிக்கொள்கிறார், ஆனால் அது ஆசான் கொடுக்கும் காசு, தன் காசு இல்லை என்று அவருக்குத் தெரியும். புதிய பத்திரம் 2028 வரை இருக்கிறது. அடுத்த மாசிக் கணக்கின்போது வாத்தியக்காரர்களுக்குத் தனிப் பங்கு கேட்டு எழுத்தில் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். வரைவு வக்கீலிடம் இருக்கிறது.